மான் குளம்பா, ஆட்டுக் குளம்பா? - கடற்கரைப் பூக்களின் விடுகதை வரலாறு

முதலில் ஒரு விடுகதை.

கிளை இரும்பு, இலை நீலக்கல், பூ வெள்ளி, பூவுக்குள்ளே தங்கத்தூள். அது என்ன?

நகைக்கடை என்று சொல்பவர்களுக்கு மார்க் கிடையாது! அது ஒரு மரம். சென்னையில் இருக்கும் பலர் அதன் நிழலில் நின்றிருப்பார்கள், பெயர்தான் தெரிந்திருக்காது. விடை கொஞ்சம் பொறுத்து வரும். அதற்குள் யோசித்துப் பாருங்கள்.

விடுகதை என்றாலே பாட்டி, திண்ணை, பவர்கட் இரவு என்றுதான் பலருக்கும் நினைவு வரும். ஆனால் இது திண்ணையோடு நின்ற சமாச்சாரம் இல்லை. தொல்காப்பியத்திலேயே இதற்கு ஒரு பெயர் இருக்கிறது: 'பிசி'. செய்யுளியலில் தொல்காப்பியர் பிசியை இரண்டு வகையாகப் பிரிக்கிறார். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டு மறைத்துச் சொல்வது ஒரு வகை. ஒப்பீடு எதுவும் இல்லாமல், அந்தப் பொருளுக்கே உள்ள அடையாளத்தை நேரடியாகச் சொல்லி, 'கண்டுபிடி' என்று விட்டுவிடுவது இன்னொரு வகை. உரைகாரர் பேராசிரியர் முதல் வகைக்குக் காட்டும் உதாரணத்தில் ஒரு மலை பிறை நிலாவைக் கவ்விக்கொண்டு நடக்கிறது. விடை யானை!

இந்த இரண்டு வகையையும் மனதில் வைத்துக்கொண்டு பாட்டி சொன்ன விடுகதைகளைப் பார்த்தால், அதில் பாதி செடி கொடிகளைப் பற்றியதாகவே இருக்கும். உடம்பெல்லாம் சிவப்பு, வாய் மட்டும் கருப்பு - குன்றிமணி. பூக்காமலே காய்க்கும் மரம் - அத்தி. (உண்மையில் அத்தி பூக்கிறது. பூக்கள் 'காய்'க்கு உள்ளேயே மறைந்திருக்கின்றன. தாவரவியல்படி விடுகதை தப்பு, கண்ணால் பார்ப்பவருக்குச் சரி!) பூப்பது கண்ணுக்குத் தெரியும், காய்ப்பது தெரியாது என்றால் வேர்க்கடலை. பூ வெளியே பூத்து, காய் மண்ணுக்குள் போய் விளைவதைப் பார்த்தவர்தான் இதைச் சொல்லியிருக்க முடியும்.

இந்த வேர்க்கடலை விடுகதையில் ஒரு சரித்திரக் குறிப்பும் ஒளிந்திருக்கிறது. வேர்க்கடலை தென் அமெரிக்கச் செடி. ஐரோப்பியக் கப்பல்கள் அங்கே போய்வரத் தொடங்கிய பிறகுதான் அது இந்தியாவுக்கு வந்தது. அப்படியானால் பாட்டி சொன்ன அந்த 'ஆதிகால' விடுகதைக்கு வயது ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இருக்க வழியில்லை. புதுச்செடி ஒன்று ஊருக்குள் வந்ததும், அதை உற்றுப் பார்த்து விடுகதை கட்டிவிட்டார்கள். அந்தப் பழக்கம்தான் பழசு, விடுகதை புதுசு.

சில செடிகளுக்கு விடுகதையே தேவையில்லை. பெயரே விடுகதை. ராயபுரம் ரயில் நிலையம் 1856-ல் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் ரயில் அங்கிருந்துதான் கிளம்பியது. அந்த மாதிரி பழைய தண்டவாள ஓரங்களிலும், குடோன் சுவர்களின் அடியிலும், காலி மனைகளிலும் முளைக்கும் செடிகளைப் பாருங்கள். பூங்கொத்து தேளின் வால் போலச் சுருண்டிருந்தால் அது தேள்கொடுக்கு. காய்ந்த காய்க்குள் விதை குலுங்கிச் சத்தம் போட்டால் கிலுகிலுப்பை. காய்ந்த காயைத் தண்ணீரில் போட்டால் படீரென்று வெடித்தால் பட்டாசுக்காய். கட்டை விரலால் சுண்டித் தலையைத் தெறிக்கவிடும் அந்தச் சின்ன மஞ்சள் பூ தாத்தாப்பூ. கடைசி இரண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தவை. யாரும் வகுப்பு எடுக்கவில்லை, விளையாட்டே பெயர் வைத்துவிட்டது.

கடற்கரை மணலுக்குப் போனால் இராவணன் மீசை. விறைப்பான, ஊசி மாதிரி குத்துகிற புல். அதன் முள் உருண்டைகள் காற்றில் மணல்மேல் உருண்டு ஓடும். இந்தப் பெயரை ஒரு தடவை கேட்டவர் அந்தப் புல்லை மறுபடி எங்கே பார்த்தாலும் தப்பாகச் சொல்லமாட்டார். தாவரவியல் பெயர் 'ஸ்பினிஃபெக்ஸ் லிட்டோரியஸ்'. எது நினைவில் நிற்கும்?

அந்தப் புல்லுக்குப் பக்கத்திலேயே மணலில் படர்ந்திருக்கும் ஒரு கொடிதான் இந்தக் கதையின் நாயகி. அடும்பு. இப்போது அடம்பு என்றும் அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் மாதிரியான பூ. இலை நடுவில் பிளந்து இரண்டாக இருக்கும்.

குறுந்தொகையின் 243-ஆம் பாடல் நம்பி குட்டுவன் எழுதியது. அதில் இந்தக் கொடிக்கு இரண்டே குறிப்பு வருகிறது. இலை எப்படி? மானின் அடி போல. பூ எப்படி? குதிரையின் கழுத்து மாலையில் தொங்கும் மணி போல. இந்த இரண்டையும் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் கடற்கரைக்குப் போனால் போதும், யாரையும் கேட்காமல் அடும்பைக் கண்டுபிடித்துவிடலாம். அதே பாட்டில் பெண்கள் அந்தப் பூவைப் பறித்து மணலில் விளையாடுகிறார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். பூவைப் படித்தது விளையாட்டில்தான்.

இப்போது வேறொரு தேசம். 1753-ல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் உலகத்துச் செடிகளுக்கெல்லாம் இரண்டு சொல் பெயர் வைத்துப் புத்தகம் போட்டார். அதில் இந்தக் கொடிக்கு அவர் வைத்த பெயர் 'பெஸ் காப்ரே' என்று முடிகிறது. லத்தீனில் அதற்கு அர்த்தம் 'ஆட்டின் கால்'! குறுந்தொகையை அவர் கேள்விப்பட்டிருக்க வாய்ப்பே இல்லை. இலை மட்டும்தான் ஒன்று. ஒருவருக்கு மான் குளம்பு தெரிந்தது, இன்னொருவருக்கு ஆட்டுக் குளம்பு. (ராயபுரத்துத் தெருவில் ஓட்டுப்போட்டால் ஆடுதான் ஜெயிக்கும். மானை அங்கே யார் பார்த்தார்கள்!)

இதில் இன்னொரு சுவாரஸ்யம். லின்னேயஸ் இந்தக் கொடிக்கு மேற்கோளாகக் காட்டிய புத்தகங்களில் ஒன்று 'ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்'. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீட், மலையாள வைத்தியர்களின் உதவியோடு தொகுத்து, 1678 முதல் 1693 வரை 12 பாகங்களாக வெளிவந்த நூல். அதன் 11-ஆம் பாகத்தில் இந்தக் கொடியின் படத்துக்கு மேலே இருக்கும் பெயர் 'ஷோவன்ன அடம்போ'. அதாவது சுவன்ன அடம்பு, சிவப்பு அடம்பு. சங்கப் புலவரின் அடும்பு என்ற அதே சொல் மலையாளக் கரை வழியாக ஆம்ஸ்டர்டாமில் அச்சேறி, சுவீடன்காரர் மேஜைக்குப் போயிருக்கிறது. மெட்ராஸும் சும்மா இருக்கவில்லை. 1690-களில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் மருத்துவராக இருந்த சாமுவேல் பிரவுன் என்பவர் சுற்றுவட்டாரச் செடிகளைக் காயவைத்து, அவற்றின் தமிழ்ப் பெயர்களோடு லண்டனுக்கு அனுப்பினார். ஜேம்ஸ் பெட்டிவர் அவற்றை ராயல் சொசைட்டியின் இதழில் அச்சிட்டார்.

அடும்பு சுலபமான விடுகதை. அடுத்தது கொஞ்சம் கஷ்டம். ஆனால் காசிமேட்டுக்காரர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அடிமரம் இறாலின் முதுகு. இலை சுறாவின் கொம்பு. மொட்டு யானைத் தந்தம். விரிந்த பிறகு மான். வாசனை திருவிழா நடக்கும் இடம். அது என்ன?

நற்றிணையின் 19-ஆம் பாடலில் நக்கண்ணையார் தாழைக்குக் கொடுத்திருக்கும் குறிப்புகள் இவை. தாழம்பூவை ஜடையில் வைத்துத் தைத்த போட்டோ பல வீட்டு ஆல்பங்களில் இருக்கும். ஆனால் அது எந்த மரத்தில் பூக்கிறது என்று கேட்டால் விழிப்பவர்கள் அதிகம். தாழையின் அடிமரம் வளையம் வளையமாகச் சொரசொரப்பாக இருக்கும், இறாலின் முதுகு மாதிரியே. இலையின் விளிம்பில் இரண்டு பக்கமும் வரிசையாக முள். அந்த முள் வரிசைக்குத்தான் 'சுறாவின் கொம்பு' என்கிறார். சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு ஏது? இங்கே சொல்லப்படுவது மூக்கு ரம்பம் போல நீண்டு, இரண்டு பக்கமும் பல் வைத்த மீன். வேளா என்று மீனவர்கள் சொல்லும் மீன்.

கவனிக்க வேண்டியது என்னவென்றால், பாட்டைக் கேட்பவர் இறாலையும் வேளா மீனையும் பார்த்திருப்பார் என்ற நம்பிக்கையில்தான் அந்தக் குறிப்பு நிற்கிறது. பட்டினப்பாலையில் பரதவர்கள் சுறாவின் கொம்பை மணலில் நட்டு வழிபடுகிறார்கள், தாழம்பூவைச் சூடிக்கொள்கிறார்கள். குறிப்பும் விடையும் ஒரே மணலில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

இனி அந்த மணலுக்கு என்ன ஆனது என்று பார்க்க வேண்டும்.

மெட்ராஸுக்கு இயற்கையான துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தூரத்தில் நிற்கும், மசூலா படகில் அலையைத் தாண்டிப் போய்வர வேண்டும். அதனால் 1875 டிசம்பரில் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்ட, கடலுக்குள் சுவர் கட்டி ஒரு செயற்கைத் துறைமுகம் எழும்பத் தொடங்கியது. 1881 புயலில் அது பலமாக அடி வாங்கியது, மறுபடி கட்டினார்கள். ஆனால் கரையோரமாக வருஷத்தின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகரும் மணலுக்கு அந்தச் சுவர் குறுக்கே நின்றது. தெற்குப் பக்கம் மணல் சேர்ந்து சேர்ந்து மெரினா அகலமானது. வடக்கே போய்ச் சேரவேண்டிய மணல் போகவில்லை, கடல் கரையை அரிக்க ஆரம்பித்தது. ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று அரிப்பு வடக்கே நகர்ந்துகொண்டே போனது. குப்பங்கள் உள்ளே தள்ளிப்போயின, சாலையைக் காப்பாற்றக் கருங்கல் பாறைகளைக் கொட்டினார்கள். இன்றைக்கு எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகிறவர் வலது பக்கம் பார்த்தால் பெரும்பாலும் தெரிவது அந்தக் கல்தான். அடும்பு கல்லில் படராது. அதற்கு மணல் வேண்டும்.

தென் சென்னைக்குக் கிடைத்த மெரினா, வட சென்னை இழந்த கடற்கரை என்று கணக்கு எழுதினால் அது முழுக்கச் சரியான கணக்காக இருக்காது. ஆனால் பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம் என்பது மட்டும் உண்மை. காமர்ஸ் படிப்பவர்களுக்குப் புரியும்.

எண்ணூரில் தாழங்குப்பம் என்று ஒரு மீனவர் குப்பம் இருக்கிறது. பெயரைக் கேட்டாலே தாழைதான் நினைவுக்கு வரும். வியாசர்பாடிப் பக்கம் எருக்கஞ்சேரி. இன்னும் உள்ளே வந்தால் புளியந்தோப்பு. செடியையும் மரத்தையும் சொல்லி இடத்தைக் காட்டிய பெயர்கள். இப்போது இடம் மட்டும் இருக்கிறது, அடையாளத்தைத் தேட வேண்டியிருக்கிறது. விடுகதை தலைகீழாகிவிட்டது!

எண்ணூர் கழிமுகத்தில் இருப்பது இன்னொரு செடி, கண்டல். சங்கப் பாட்டில் கண்டல் என்பது கடற்கரை ஊருக்கு வேலி. அலையை ஆற்றுவதால் அலையாத்தி என்றும் இந்தக் காட்டுக்குப் பெயர் சொல்வார்கள். அதைச் சுற்றி அனல்மின் நிலையம், சாம்பல் குளம், துறைமுகங்கள் எல்லாம் வந்தன. 2017 ஜனவரியில் எண்ணூருக்கு அருகே கடலில் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் கலந்து வந்து கழிமுகத்தில் பரவியது. வெள்ளம் வடிந்த பிறகு கண்டல் செடிகளின் தண்டில் தண்ணீர் நின்ற உயரம் வரை கருப்பாக எண்ணெய்ப் பட்டை தெரிந்தது. இலை, பூ என்று குறிப்பு சொல்லவேண்டிய செடியை அந்தக் கருப்பை வைத்துத்தான் அந்த மாதம் டி.வி.யில் அடையாளம் காட்டினார்கள்.

விடை தொலைவது ஒரு நஷ்டம் என்றால் குறிப்பு தொலைவது இன்னொரு நஷ்டம். நக்கண்ணையார் சொன்ன வேளா மீன் வலையில் அகப்படுவது இப்போது மிக அரிது. 2001-ல் இந்திய அரசு வேளா மீன் வகைகளை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தது. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. ஆக, இன்றைய பிள்ளைக்குத் தாழையைப் பற்றிச் சொல்ல 'வேளா மீனின் மூக்கு மாதிரி இலை' என்றால், 'வேளா மீன் எப்படி இருக்கும்?' என்று கேட்கும். அதற்கு 'தாழை இலை மாதிரி' என்றுதான் பதில் சொல்ல வேண்டும்.

சரி, முதல் விடுகதைக்கு வரலாம். இரும்புக் கிளை, நீலக்கல் இலை, வெள்ளிப் பூ, தங்கத்தூள். விடை புன்னை. நற்றிணை 249-ல் உலோச்சனார் கொடுத்த குறிப்புகள். கருத்த கிளை, பளபளப்பான அடர்ந்த இலை, வெள்ளை இதழ், நடுவில் மஞ்சள் மகரந்தம் என்று சாதாரணமாகவும் சொல்லியிருக்கலாம். ஒரு நகைப்பெட்டியைத் திறந்து காட்டுகிற மாதிரி சொன்னதால்தான் மறக்கவில்லை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் கோயிலின் தலமரம் புன்னைதான். நற்றிணையிலேயே 172-ஆம் பாட்டில் பெண்கள் விளையாட்டாக மணலில் ஒரு புன்னை விதையை அழுத்தி வைத்துவிட்டு மறந்துபோகிறார்கள். அது முளைத்து மரமாகிறது. 'இது உனக்குத் தங்கை' என்று தாய் சொல்கிறாள். தங்கைக்கு முன்னால் காதலனோடு சிரித்துப் பேச வெட்கமாக இருக்கிறதாம்! இங்கேயும் செடி அறிமுகமாவது விளையாட்டில்தான்.

எல்லா விடுகதைக்கும் இப்படி அழகாக விடை கிடைத்துவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். கிடைக்கவில்லை.

குறுந்தொகை 49-ல் அம்மூவனார் 'முண்டகம்' என்று ஒரு கடற்கரைச் செடியைச் சொல்கிறார். குறிப்பு: அணில் பல். அவ்வளவு கூர்மையாக, சின்னதாக முள் இருக்க வேண்டும். மதுரைக்காஞ்சியில் இன்னொரு குறிப்பு: பூ நீலமணி போல, இடம் மணல் நிறைந்த கடற்கரைச் சோலை. அகராதியைப் பார்த்தால் முண்டகம் என்றால் முள்ளி, தாழை, தாமரை என்று வரிசையாகப் போகிறது. தாமரை கடற்கரை மணலில் வராது, தாழைப்பூ நீலமில்லை. மீதி முள்ளி. அதிலும் இரண்டு கட்சி. குளத்தங்கரையில் வளரும் நீர்முள்ளி என்பவர்கள் உண்டு. பிச்சாவரம் மாதிரி உப்பங்கழியில் வளரும் கழிமுள்ளி என்பவர்கள் உண்டு. உப்பு, மணல், நீலம், முள் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் கழிமுள்ளிப் பக்கமே பலம் அதிகம். ஆனால் கேஸ் முடிந்துவிட்டது என்று சொல்ல முடியாது.

அதற்கு அடுத்த பாட்டே, குறுந்தொகை 50, இன்னும் சிக்கல். அங்கே வருவது ஞாழல். குறிப்பு: பூ வெண்கடுகு போலச் சின்னது. உரைகாரர்கள் ஞாழலுக்குப் புலிநகக்கொன்றை என்று பொருள் எழுதினார்கள். புலியின் நகம் எங்கே, கடுகு எங்கே! கொன்றை இனத்துப் பூ எதுவும் கடுகு அளவில் இருப்பதில்லை. மொட்டைச் சொல்லியிருப்பார் என்று சமாதானம் சொல்லலாம். அல்லது உரைகாரர் காலத்துக்குள் பெயர் ஒரு மரத்திலிருந்து இன்னொரு மரத்துக்கு மாறிவிட்டிருக்கலாம். தமிழ் லெக்சிகன் ஞாழலுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட மரங்களைக் காட்டுகிறது. விடை ஒன்றுக்கு மேல் இருந்தால் அது விடுகதைக்கு நல்லதில்லை.

ஆனாலும் ஞாழலுக்குக் குறிப்பாவது இருக்கிறது. குறிப்பே இல்லாவிட்டால்? குறிஞ்சிப்பாட்டில் கபிலர் 99 பூக்களின் பெயர்களை அடுக்குகிறார் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்ததுதான். அந்தப் பாட்டு ஏடுகளில் சில பூக்களின் பெயர் உதிர்ந்துபோயிருந்தன. உ.வே.சாமிநாதையர் அதற்காக அலைந்து, கடைசியில் தருமபுரம் ஆதீனத்து ஏடுகளில் அவற்றைக் கண்டெடுத்தார். அதைப் பற்றி அவர் எழுதிய கட்டுரைக்குத் தலைப்பே 'உதிர்ந்த மலர்கள்'. 1889-ல் பத்துப்பாட்டு அச்சில் வந்தது. பெயர்கள் காப்பாற்றப்பட்டன. ஆனால் பெயருக்குரிய பூக்கள்? வகுளம் என்றால் மகிழம்பூ, காந்தள் என்றால் செங்காந்தள் என்று பலவற்றைச் சொல்லிவிடலாம். எஞ்சியவற்றில் அறிஞர்களுக்குள் இன்னும் ஒற்றுமை இல்லை. காரணம் எளிது. நெய்தல் புலவர்கள் குறிப்போடு சொன்னார்கள், கபிலர் இங்கே பட்டியலாகச் சொன்னார். அங்கங்கே ஒரு அடைமொழி வருகிறது, அதற்குமேல் இல்லை. கணக்கு மொழியில் சொன்னால் லெட்ஜரில் பெயர் இருக்கிறது, வவுச்சர் இல்லை. (இது வெறும் ஜோக் இல்லை. செடியைக் காயவைத்து ஹெர்பேரியத்தில் ஆதாரமாக வைக்கும் மாதிரிக்குத் தாவரவியல்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் வவுச்சர்தான்!)

அனிச்சம் அந்தப் பட்டியலில் உள்ள பூ. அதற்கு வள்ளுவர் தயவில் ஒரு குறிப்பு கிடைத்தது, முகர்ந்தாலே வாடிவிடும் என்று. இதை நம்பி 'அனகாலிஸ் அர்வென்சிஸ்' என்ற சின்னச் செடிதான் அனிச்சம் என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தப் பூ மேகமூட்டமானால் மூடிக்கொள்ளும், உண்மைதான். ஆனால் மேகத்துக்கு மூடுவது வேறு, மூக்குக்கு வாடுவது வேறு இல்லையா?

பழைய அகராதிகள் இந்த விஷயத்தில் கைவிட்டுவிடும். பல பூப்பெயர்களுக்கு எதிரே 'ஓர் மரம்', 'ஓர் பூடு' என்று மட்டும் போட்டிருப்பார்கள். 'அது என்ன?' என்று கேட்டால் 'ஏதோ ஒன்று' என்று பதில் வருகிற மாதிரி! மெட்ராஸில் இதைச் செய்யத் தகுதியான ஒருவர் இருந்தார். தரங்கம்பாடிக்கு 1776-ல் வந்து, பின்னாளில் வேப்பேரியில் இருந்து 1836-ல் இறந்த ராட்லர் பாதிரியார். செடி சேகரிப்பதில் பேர்பெற்றவர், தமிழ்-ஆங்கில அகராதியும் தொகுத்தவர். இரண்டு கலையும் ஒரே ஆளிடம் சேர்வது அபூர்வம். அந்தச் சேர்க்கை நூறு வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் பெரிய அளவில் திரும்ப வந்தது. கு. சீநிவாசனின் 'சங்க இலக்கியத் தாவரங்கள்' 1987-ல் தமிழ்ப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது.

இதற்கிடையில் தாவரவியலும் ஒரு வகையில் விடுகதைக்கே திரும்பியிருந்தது என்பது வேடிக்கை. 1778-ல் பிரான்ஸில் லமார்க் ஒரு முறையை அறிமுகப்படுத்தினார். முதலில் ஒரு கேள்வி, அதற்கு இரண்டே பதில். இலை எதிரெதிரா, மாறி மாறியா? இதழ் ஒட்டியிருக்கிறதா, தனித்தனியா? ஒவ்வொரு பதிலும் அடுத்த கேள்விக்கு அனுப்பும், கடைசியில் ஒரே செடி மிஞ்சும். 1915-ல் காம்பிள் தொடங்கி 1936-ல் ஃபிஷர் முடித்த சென்னை மாகாணத் தாவர நூல் இந்த முறையில்தான் இருக்கிறது. 1929-ல் எழும்பூர் மியூசியத்தைச் சேர்ந்த மயூரநாதன் சென்னை நகரத்திலும் சுற்றுப்புறத்திலும் பூக்கும் செடிகளுக்கென்றே ஒரு நூல் எழுதினார். எந்தப் பேட்டையில் என்ன பூத்தது என்று இன்று தேடுகிறவர்களுக்கு அது ஒரு பொக்கிஷம். ஆனால் 'மான் அடி' என்று ஒரு சொல்லில் முடிந்துபோகிற அடும்பு அடையாளம் அந்தப் புத்தகங்களில் கேள்விமேல் கேள்வியாகப் பல படி தாண்டித்தான் வரும். துல்லியம் அதிகம், சந்தேகமில்லை. ஆனால் எட்டு வயசுப் பிள்ளை அதை விளையாடாது.

அப்படியானால் வட சென்னையில் குறிப்பும் விடையும் இன்னும் சேர்ந்தே இருக்கும் இடம் எது? திருவொற்றியூர் தியாகராஜர் கோயில் மகிழமரம். அங்கே மரத்துக்கு ஒரு கதையே குறிப்பு. பெரியபுராணத்தில் சுந்தரர் சங்கிலியாரை மணக்க ஆசைப்படுகிறார். பிரியமாட்டேன் என்று சத்தியம் செய்யவேண்டும். சன்னிதியில் பொய்ச் சத்தியம் செய்யப் பயந்து, 'நான் சத்தியம் செய்யும்போது நீங்கள் சன்னிதியை விட்டு மகிழின் கீழ் போய் இருங்கள்' என்று சிவனிடமே ஏற்பாடு செய்துகொள்கிறார். சிவன் சரி என்றுவிட்டு, சங்கிலியாரிடம் போய், 'அவனை மகிழின் கீழே சத்தியம் செய்யச் சொல்' என்று சொல்லிவிடுகிறார்! 'அவர் எங்கே இருக்கிறார்?' என்ற விடுகதைக்கு விடை தெரிந்தவர் சுந்தரர், அந்த விடைக்கு நேர் கீழேயே அவரை நிற்க வைத்துவிட்டார்கள். சத்தியம் செய்தார், பிறகு ஊரைவிட்டுப் போனார், எல்லையைத் தாண்டியதும் பார்வை போனது. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை என்று இதைக் கொண்டாடுகிறார்கள்.

மகிழம்பூவைக் கண்டுபிடிக்க மேலே பார்த்துப் பிரயோஜனமில்லை. பூ சின்னது, இலை அடர்த்தி. காலையில் மரத்தடியில் பார்க்க வேண்டும். வெளுத்த நட்சத்திரம் மாதிரி முழுசு முழுசாக உதிர்ந்து கிடக்கும், ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஓட்டை. நூலில் கோக்கலாம். காய்ந்து பழுப்பான பிறகும் வாசனை போகாது.